பொன்னாடை இல்லாத மேடை

அயோவா சிட்டி,
அமெரிக்கா.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. நான் இங்கே நலம். ஆச்சிக்கு மூட்டுவலி தேவலையா? அத்தை கொடுத்துவிட்ட பருப்புப்பொடியில்தான் என் காலம் ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் படிக்க வந்தவனைப் பிடித்துப் பேச்சு வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். பாடத்தின் பெயர் ரெட்டரிக். கணக்குப் படித்தாலும் சரி, வயலின் படித்தாலும் சரி, இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவன் இதைத் தாண்டித்தான் போகவேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. ராஜவல்லிபுரத்துக்காரனுக்குப் பேசச் சொல்லித்தர இந்த மக்காச்சோளச் சீமையில் ஆள் இருக்கிறதா? சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை பிறந்த மண் அல்லவா! தமிழுக்கென்று சாகித்திய அகாதமி கொடுத்த முதல் விருதே, 1955-இல், அவருடைய ‘தமிழின்ப’த்துக்குத்தானே? போதாததற்கு, கோயில் கொடை என்றால் மைக்கைப் பிடிக்க நீங்கள் வேறு இருக்கிறீர்கள்.

வகுப்பில் மேடை இல்லை, மைக் இல்லை. நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கின்றன. டீச்சர் காபிக் குவளையோடு மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். நாக்கு எழவில்லை, ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்றே காலம் தள்ளுகிறேன்.

ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றார். ஐந்து நிமிஷத்தில் நம்மூரில் என்ன ஆகும்? தலைவர் அவர்களே, தர்மகர்த்தா அவர்களே, சவுண்டு சர்வீஸ் தம்பி அவர்களே என்று ஆளாளுக்கு ஒரு வணக்கம் வைத்து, பொன்னாடை போர்த்தி முடிக்கவே அரை மணி. உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால், ‘இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்’ என்கிற இடத்திலேயே உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

பாடம் அரிஸ்டாட்டிலில் தொடங்கியது. ஒருவனை இணங்க வைக்க மூன்று வழியாம்: பேசுகிறவன்மேல் நம்பிக்கை, பேச்சில் நியாயம், கேட்கிறவன் மனசைத் தொடுவது. ஈத்தோஸ், லோகோஸ், பேத்தோஸ் என்று மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு நம் திருநெல்வேலி ஜங்ஷன் ஆட்டோக்காரர் கண்முன் வந்தார். “இருவது வருசமா இந்த ஸ்டாண்டுலதான் ஓட்டுதேன். பெட்ரோல் விக்கிற வெலயப் பாருங்க. புள்ளகுட்டிக்காரன் சார்.” மூன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டது!

கிரேக்கத்து டெமாஸ்தனீஸ் திக்குவாய் போக, வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினாராம். நம் ஆட்கள் வாய் நிறைய வெற்றிலையோடு வழக்கே பேசித் தீர்க்கிறார்கள் என்றேன். டீச்சர் அதையும் குறித்துக்கொண்டார்.

அப்புறம் ஆளுக்கொரு பேச்சை எடுத்து அலசச் சொன்னார். ஒரு பையன் லிங்கனை எடுத்தான். 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் அவருக்கு முன்னால் பேசிய எவரெட் என்பவர் இரண்டு மணி நேரம் பேசினாராம். லிங்கன் சில நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். உலகம் எதைப் படிக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நான் 1908-ஐ எடுத்தேன். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களிடம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய பேச்சு. அதில் சுதேசியமும் இருந்தது. கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை லீவும் சேர்ந்தே இருந்தன. வேலைநிறுத்தம் ஜெயித்தது. மார்ச் 12-இல் இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொதித்தெழுந்தது. நீதிபதி பின்ஹே சிவாவுக்கு 10 வருஷமும், வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனையும், அதாவது 40 வருஷம், விதித்தார். அப்பீலில் பிறகு குறைந்தது. “பேசியதற்கா?” என்று வகுப்பே வாயைப் பிளந்தது. ஒரு பெண் மட்டும், “அவர்கள் சொன்னதை மில் தொழிலாளர்கள் ஏன் நம்பினார்கள்?” என்று கேட்டாள். வ.உ.சி. 1906-இலேயே வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதர் என்றேன். எதிரே நின்றவனின் வயிற்றுப்பாட்டையும் அறிந்து பேசினார் என்றேன்.

மாமா, இந்த வகுப்பில் எனக்குப் பிடிபட்டது இதுதான். பேச்சில் பாதி கேட்கிறவனுடையது. நம் மேடையில் எதுகை, மோனை, குரல், கைவீச்சு எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வேண்டும் என்பதைத்தான் கேட்பாரில்லை.

ஆகவே ஒரு விண்ணப்பம். வருகிற கொடையில் வணக்க வரிசையை விட்டுவிடுங்கள். டவுன் சாக்கடை தாமிரபரணியில் கலந்து நம் படித்துறைக்கு வருகிறதே, அதைப் பேசுங்கள். ஐந்தே நிமிஷம். பேசுவதற்கு முன்னால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சம்பந்தப்பட்ட ஆபீசில் ஒரு மனுவும் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் ஊர் உங்களை நம்பும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்