குடவோலையில் ஓர் ஆம்ப்ளிஃபயர்

இடியில் எங்கள் ஹோம் தியேட்டர் ரிசீவர் உயிரை விட்டது. கையிருப்பு எட்டாயிரம். உத்திரமேரூர்க்காரனுக்குத் தேர்வு முறைக்கா பஞ்சம்? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதி, குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் விதி, இருக்கிறதே!

கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் உறவினரும் கூடாது. கடையில் முதல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “நிஜ வாட், அதான் ஆர்.எம்.எஸ்., எவ்வளவுண்ணே?” என்றேன். கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். குடும்பத்தோடு தள்ளுபடி. எச்.டி.எம்.ஐ. இருந்தவை பட்ஜெட்டில் இல்லை.

மிஞ்சியது, சென்னை ரிச்சி தெருவில் யாரோ கோத்த பழைய பெட்டி. கல்வெட்டு கேட்கும் 35 வயதுகூட இருக்கலாம். குடத்தில் ஒரே ஓலை. விதிப்படி சிறுவன்தான் எடுக்க வேண்டும், பேரன் எடுத்தான்.

அவன் பாட்டு கேட்பது செல்போனில்.