ஃபேட்டுக்கு வந்த வாழ்வு

பாளையம்பட்டியில் அப்போது கம்ப்யூட்டர் என்றால் பஸ் ஸ்டாப் பக்கத்து டிடிபி கடைதான். விண்டோஸ் 98. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே டி டிரைவில் அடுத்தடுத்த ஃபோல்டரில் கிடக்கும். அருப்புக்கோட்டைப் பக்கம் கரண்டு போனால் விசைத்தறிச் சத்தம் நிற்கும். கரண்டு வந்தால் கடைக்குள் ஸ்கேன்டிஸ்க் ஆரம்பிக்கும். நீலத் திரையில் மஞ்சள் பட்டை ஊர்ந்து முடிகிறவரை கடைக்கார அண்ணாச்சி பில் புக்கால் விசிறிக்கொண்டிருப்பார். முடிந்ததும் பார்த்தால் சில நாள் பத்திரிகை இருக்காது, 'ஃபைல்0000.சிஎச்கே' என்று ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும்.

"இதுல பொண்ணு பேரு இருக்கா பாருப்பா" என்பார். பெண் பேர் எங்கே, அது திறந்தாலல்லவா!

இதற்கு மருந்தாக வந்தது விண்டோஸ் எக்ஸ்பி. வெளியானது 2001-இல், எங்கள் ஊருக்கு வழக்கம்போல நிதானமாக. போட வந்த சர்வீஸ் தம்பி, 98 டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைத்த முறையான ஃபேட்32-ஐ வைத வசவு கொஞ்சநஞ்சமல்ல. பழசு, கரண்டு போனால் குழம்பும், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை வாங்காது. எக்ஸ்பியின் என்டிஎஃப்எஸ் முறை அப்படியா? செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்து வைத்துவிட்டுத்தான் செய்யும். அது 1993-இலேயே வந்தது, 1996-இல் வந்த ஃபேட்32-ஐவிட மூத்தது என்பதைத் தம்பி சொல்லவில்லை. 'கன்வர்ட்' என்று ஒரு வரி தட்டினார். டி டிரைவ் மாறியது, ஒரு ஃபைலும் போகவில்லை. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பக்கத்து மேஜை 98-இல் மாட்டினால், டி டிரைவே கிடையாது என்று சாதித்தது.

"பழையபடி மாத்திருப்பா."

"ஃபார்மட்தான் அண்ணாச்சி. உள்ள இருக்கதெல்லாம் போயிரும்."

இப்போது வீட்டுக்கு வீடு லேப்டாப். 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. லினக்ஸின் இடம் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாது. மேக், என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. கேமராவின் பெரிய கார்டெல்லாம் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறை; லினக்ஸ் கர்னலுக்குள் அது நுழையவே 2019 ஆயிற்று. பெரிய இடத்துச் சம்பந்திகள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எல்லோரோடும் பேசுகிறது அந்த வசவு வாங்கிய ஃபேட்32 ஒன்றுதான். பஸ்ஸில் பாட்டுப் பெட்டி, மாரியம்மன் கோயில் பொங்கலுக்குக் கட்டும் மைக்செட், பழைய டிவி எல்லாவற்றுக்கும் அதுவே வேண்டும். வாங்கி வந்த 64 ஜிபி பென் டிரைவை விண்டோஸில் ஃபேட்32 ஆக்கப் போனால், 32-க்கு மேல் ஆகாது என்கிறது. ஃபேட்32-க்கே 2 டிபி வரை தாங்கும். அந்த 32 தான் இஷ்டத்துக்கு வைத்த எண் என்று மைக்ரோசாஃப்டில் அந்த ஃபார்மட் திரையை எழுதிய டேவ் பிளம்மரே பின்னாளில் சொன்னார். 2024-இல்தான் விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்பொன்றில், அதுவும் கட்டளை வரியில் தட்டினால், 2 டிபி வரை விட்டார்கள்.

மைக்செட் தம்பிக்கு இந்தச் சேதி எட்டவில்லை. "பதினாறு ஜிபியே வாங்குங்கண்ணே, பெருசெல்லாம் நம்ம பெட்டியில பாடாது" என்கிறார்.