ஈயத்தைப் பார்த்து இளித்த நிக்கல்

தாமஸ் ஆல்வா எடிசனுக்குப் பகையாளிகள் அதிகம். ஏ.சி. கரன்ட், ராத்திரித் தூக்கம் என்று நீளும் அந்த லிஸ்ட்டில் 1900 வாக்கில் இன்னொன்றும் சேர்ந்தது. ஈயம்!

ஈயம் அப்படி என்ன பாவம் செய்தது? 1859-ல் கஸ்தோன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளைப் பாய் போலச் சுருட்டி அமிலத்தில் இறக்கினார். தீர்ந்தால் திரும்ப சார்ஜ் ஏற்றலாம் என்ற வசதி அன்றுதான் பிறந்தது. 1899-ல் கமீல் ஜெனட்ஸி என்ற பெல்ஜியக்காரர் ஈய பேட்டரிகளை ஒரு எலெக்ட்ரிக் காரில் அடுக்கி, கார்களிலேயே முதல்முறையாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டினார். காற்றைக் கிழிக்கட்டும் என்று காரைத் தோட்டா வடிவில் செய்தவர், அதன் உச்சியில் பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார். மேதைகளுக்கு எல்லாமே ஒரே சமயத்தில் தோன்றுவதில்லை!

எடிசனுக்கு ஈயத்தின் கனமும் பிடிக்கவில்லை, அமிலமும் பிடிக்கவில்லை. நிக்கலையும் இரும்பையும் ஜோடி சேர்த்து, அமிலத்துக்குப் பதில் காரக் கரைசலை ஊற்றினார். நியூஜெர்சி லேபில் அந்த பேட்டரிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கரடுமுரடு ரோட்டில் குலுக்கினார்கள். மாடி ஜன்னலிலிருந்து தூக்கிப் போட்டார்கள் (கீழே நின்றவர்கள் ஜாக்கிரதை!). பத்திரிகைகளில் பெருமையும் அடித்தாயிற்று. கடைசியில் மார்க்கெட்டுக்கு வந்தது. வந்ததும் ஒழுக ஆரம்பித்தது!

மனிதர் அசரவில்லை. விற்றதை வாபஸ் வாங்கிக்கொண்டு மறுபடி லேபுக்குள் போனார். சில வருஷம் கழித்து அவர் கொண்டுவந்தது நிஜமாகவே கெட்டி பேட்டரி. அடித்தாலும் சாகாது, சார்ஜ் போட மறந்தாலும் சாகாது. விலைதான் எக்கச்சக்கம். குளிரடித்தால் சுணக்கம் வேறு. போகட்டும், வாங்க ஆள் இருந்ததா? அதற்குள் ஹென்றி ஃபோர்டு 1908-ல் மாடல் டி காரை இறக்கிவிட்டிருந்தார். பெட்ரோல் கார்!

அந்த ஃபோர்டைத் தட்டிக்கொடுத்தது யார் என்கிறீர்கள்? 1896-ல் நியூயார்க்கில் ஒரு விருந்து. எடிசன் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராக இருந்த ஃபோர்டு, தன் பெட்ரோல் எஞ்சினைப் படம் போட்டு விளக்க, காது மந்தமான எடிசன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் மேஜையில் ஓங்கிக் குத்தி, விடாதே, இதையே பிடித்துக்கொள் என்று ஊக்கப்படுத்தினார். சொந்தக் காசில் சூனியம்!

அப்புறம் 1914-ல் குருவும் சிஷ்யனும் சேர்ந்து எலெக்ட்ரிக் கார் செய்யப் பார்த்தார்கள். தேறவில்லை. இத்தனைக்கும் ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது என்ன கார் தெரியுமோ? வேறொரு கம்பெனியின் எலெக்ட்ரிக் கார். ஊருக்கெல்லாம் பெட்ரோல், வீட்டம்மாவுக்கு மட்டும் பேட்டரி!

பெட்ரோல் காரில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினால்தான் கிளம்பும். சமயத்தில் கை முறியும். எலெக்ட்ரிக் கார்களின் பிழைப்பே அதில்தான் ஓடியது. 1912-ல் கேடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்தது. அதைச் சுழற்றிவிட்டது ஈய பேட்டரி. ஈயம் வஞ்சம் தீர்த்துக்கொண்டது!

அப்புறம் லித்தியம். 1970-களில் அதைத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பேட்டரிக்குள் கொண்டுவந்த ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? எக்ஸான். ஆமாம், எண்ணெய்க் கம்பெனிதான்! அந்த பேட்டரி அவ்வப்போது தீப்பிடித்தது. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் கோபால்ட் ஆக்சைடைச் சேர்த்து உருப்படியாக்கினார். பேடன்ட் எடுக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஆர்வமில்லை. ஜப்பானில் அகிரா யோஷினோ அதைப் பக்குவப்படுத்த, 1991-ல் சோனி விற்பனைக்கு இறக்கியது. கேமரா, லேப்டாப், செல்போன் என்று உலகமே அதன் பாக்கெட்டில். குடினஃபுக்கு நோபல் பரிசு வந்தபோது வயது 97!

2008-ல் 6,831 லேப்டாப் ரக செல்களை அடுக்கி ஒரு கார் ரோட்டுக்கு வந்தது. கம்பெனியின் பெயர் டெஸ்லா. எடிசனுடைய ஏ.சி. பகையாளியின் பெயரேதான்! கோபால்ட் விலை கடித்ததும், குடினஃப் கோஷ்டியே கண்டுபிடித்த இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரிக்குப் பல கம்பெனிகள் தாவின. அதே எடைக்கு ரேஞ்ச் குறைவு. ஆனால் மலிவு, நீடித்த ஆயுள், தீப்பிடிக்கும் பயமும் கம்மி. எடிசனின் இரும்பேதான், ஜோடி மட்டும் மாறிவிட்டது.

சரி, ஈயம் ஒழிந்ததா? லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய பல எலெக்ட்ரிக் கார்களின் மூலையில் இன்றும் ஒரு 12 வோல்ட் ஈய பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. அது படுத்துவிட்டால், லித்தியம் முழு சார்ஜில் இருந்தாலும் கார் கிளம்பாது!