அடியில்லாப் பெட்டி

31 வருஷ காலம் மேல்நிலைப் பள்ளியில் கணிதம் போதித்து, அளவுகோலின் ஒத்தாசையின்றியே கரும்பலகையில் நேர்கோடு இழுக்கக்கூடியவன் என்று இரண்டு தாலுகாக்களில் பிரசித்தி பெற்று, பின்னர் ஓய்வு பெற்று, ஆலங்குடிக்குக் கிழக்கே மூதாதையர் விட்டுப்போன ஓட்டுவீடும் ஒன்றேகால் ஏக்கர் கொல்லையுமே கதி என்று வந்து சேர்ந்த ஒருவனுக்கு, வாசல் மண் மேடும் பள்ளமுமாகக் கிடப்பதைத் தினந்தோறும் காலைக் காப்பியோடு சேர்த்துத் தரிசிக்க நேர்வது எத்தகைய மனோவேதனை என்பதைக் கணிதத்தில் அவ்வளவு சிரத்தையில்லாத வாசகர்கள் ஊகித்துக்கொள்வது கடினம்.

வேதனை எனக்கு மட்டுமேயானால் சகித்துக்கொண்டிருப்பேன். என் மனைவியாருக்கும் அந்த வாசலின்பேரில் ஒரு புகார் உண்டு. "ஏங்க, மழை பெஞ்சா வாசத் தண்ணி பூரா வீட்டைப் பாத்துல்ல வருது, அது வெளியில போறதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். இந்த வாக்கியத்தை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், நான் வைத்துக்கொள்ளவில்லை. என் செவியில் விழுந்ததெல்லாம், வாசலை மட்டப்படுத்துவதற்குக் கிருகலட்சுமியின் சம்மதம் கிடைத்துவிட்டது என்பதுதான்.

ஒரு ஜேசிபியை மணி வாடகைக்கு அழைத்தால் காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் முடிந்துவிடக்கூடிய காரியம் அது. ஆனால் பங்காளி ஒருவரிடமிருந்து வாங்கிய 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று, கூடவே வந்த ஒன்பது கொழுக் கலப்பையுடன், வருஷத்தில் பத்து மாதம் புளியமரத்தடியில் தியானத்தில் அமர்ந்திருக்க, பிறத்தியார் இயந்திரத்துக்குக் காசு கொடுப்பது விவேகமாகப் படவில்லை. இந்தச் சமயத்தில்தான் மருமகப்பிள்ளை தம்முடைய கைபேசியில் ஒரு படம் காட்டினார். அமெரிக்காவில் டிராக்டரின் பின்னால் மாட்டிக்கொண்டு மண்ணைப் பெயர்த்துச் சமன்செய்யும் பெட்டி பிளேடு என்னும் உபகரணமாம் அது. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் என் சித்தம் அதனிடம் சென்றுவிட்டது. டவுனில் ஒரு வெல்டிங் பட்டறையில் படத்தைக் கொடுத்து, அளவும் குறித்துக் கொடுத்து, பதினைந்து நாள் என்று சொன்னவரிடமிருந்து ஒன்றரை மாதத்தில் பெற்றுக்கொண்டேன்.

அது வந்து இறங்கியபோது வேடிக்கை பார்க்க வந்தவர்களில் முதல்வர் மேலக்கொல்லைப் பெரியவர். எனக்கு மாமா முறை. எண்பதை நெருங்கிக்கொண்டிருப்பவர், பிறர் வேலை செய்வதைப் பார்ப்பதில் அலுப்பே அறியாதவர். பெட்டியை மூன்று முறை பிரதட்சணம் வந்தார், குனிந்து உள்ளே பார்த்தார், நிமிர்ந்தார்.

"ஏன் வாத்தியாரே, அடியே இல்லாத பெட்டிக்கா இம்புட்டு இரும்பு?"

பெட்டி என்பது உண்மையில் உபசார வார்த்தைதான். இரு பக்கமும் இரண்டு கனத்த தகடுகள். அவற்றுக்கு நடுவே, பின்புறத்தில், முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக ஐந்தடி நீளத்தில் இரண்டு வெட்டுத் தகடுகள். மேலே மூடி இல்லை, கீழே அடி இல்லை. முன்பக்கத்துச் சட்டத்தில் வரிசையாக ஐந்து பற்கள். ஒவ்வொரு பல்லிலும் மூன்று துளைகள். எந்தத் துளையில் பின்னைச் செருகுகிறோமோ அதற்கேற்பப் பல் மேலேறும், அல்லது கீழிறங்கும். பற்கள் மண்ணைக் கிளறிவிட, முன் தகடு அதை வழித்துப் பெட்டிக்குள் சேர்க்க, பள்ளம் வந்த இடத்தில் சேர்ந்த மண் தானே சிந்தி நிரப்ப, பின் தகடு அதன்மேல் தடவிக்கொண்டு போகவேண்டும் என்பது சாஸ்திரம்.

சாஸ்திரத்தை அனுஷ்டிக்குமுன் பெட்டியை டிராக்டரில் மாட்ட வேண்டுமே! கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க் என்னும் ஒரு திருகுத்தண்டு, ஆக மூன்று புள்ளிகளில் மாட்டும் இந்தப் பிணைப்பு முறையைக் கொண்டுவந்தவர் ஹாரி பெர்குசன் என்னும் அயர்லாந்துக்காரர். 1909ஆம் வருஷத்தின் கடைசி நாளன்று தாமே நிர்மாணித்த விமானத்தில் ஏறி, அந்நாட்டில் விமானத்தில் பறந்த முதல் மனிதர் என்று பெயரெடுத்தவர், பிறகு மண்ணுக்கு இறங்கிவந்து டிராக்டரைப் பற்றிச் சிந்தித்தார். அதற்கு முன்பெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் கலப்பை கல்லில் சிக்கினால், டிராக்டர் முரட்டுக் குதிரைபோல முன்காலைத் தூக்கி மல்லாந்து, ஓட்டுகிறவரையே அமுக்கிவிடுவதுண்டு. அந்த ஆபத்தை நீக்கியது அவருடைய மூன்று புள்ளிகள்தாம். ஹென்றி போர்டுடன் 1938இல் கைகுலுக்கியதையே ஒப்பந்தமாகப் பாவித்துத் தொழில் தொடங்கி, கடைசியில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காடி, 1952இல் 92½ லட்சம் டாலருக்குச் சமாதானமானார். இரும்பில் மூன்று புள்ளிகளை அத்தனை சாமர்த்தியமாகப் பிணைத்த மனிதர், இரண்டு மனிதர்களுக்கு இடையிலானதைக் காகிதத்தில் பிணைக்க மறந்தார் போலும்.

ஆயினும் அந்த மேதாவி ஒரு விஷயத்தில் எனக்குச் சகாயம் செய்யவில்லை. இடது கை பின்னில் அழகாகப் போய் உட்கார்ந்தால், வலது கை ஓர் அங்குலம் எட்டாமல் நிற்கும். ஏறி உட்கார்ந்து ஓர் அங்குலம் பின்னால் வந்தால், வலது கை பொருந்தி இடது கை அரை அங்குலம் தள்ளி நிற்கும். கடப்பாரையால் பெட்டியை நெம்பலாம் என்றால், கால் டன் இரும்பு என் நெம்பலை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. நான் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு லாக் பின்னைச் செருகியபோது, பெரியவர் வெற்றிலைப் பாக்கை இரண்டாம் முறை மடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் கதை சுருக்கமானது. சித்திரை மாதம். எங்கள் பக்கத்துச் செம்மண், மழை கண்டால் வெண்ணெய், வெயில் கண்டால் சிமெண்டுத் தரை. போதாக்குறைக்கு ஆங்காங்கே செம்பூரான் கல் தலை நீட்டும். ஐந்து பற்களும் அதன்மேல் கிறீச்சென்று கோடு கிழித்துக்கொண்டு போயினவே தவிர, உள்ளே இறங்கவில்லை. பற்களைக் கடைசித் துளைக்கு இறக்கினேன். பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று இரண்டு குழிகளைத் தோண்டின. ஆக, அன்று மாலை என் வாசலில் முன்னிலும் இரண்டு பள்ளங்கள் அதிகம். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதுவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அன்று என் தலையிலும் மீசையிலும் படிந்திருந்த புழுதிக்கு அந்தத் தகுதி பரிபூரணமாக இருந்தது.

"பதம் இல்லையே வாத்தியாரே" என்றார் பெரியவர். எழுந்து போகும்போதுதான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் வேடிக்கை கெட்டுப்போயிருக்குமல்லவா?

வைகாசியில் ஒரு கோடை மழை இரவு முழுவதும் பெய்தது. ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்தினேன். உருண்டையாக நின்றது, விரலால் தட்டினேன், உதிர்ந்தது. பதம் அதுதான். பெட்டியை இறக்கி டிராக்டரை நகர்த்தியதும் பற்கள் சத்தமில்லாமல் உள்ளே போயின. புது மண்ணின் வாசனை எழுந்தது. திரும்பிப் பார்த்தால், பெட்டிக்குள் மண் வெறுமனே குவியவில்லை. வாணலியில் ரவை உப்புமா வெந்துவரும்போது அடியிலிருந்து மேலே புரண்டு புரண்டு வருமே, அப்படிச் சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது. இத்தனை ஆனந்தத்தை என் உத்தியோகத்தில் நான் அனுபவித்ததில்லை.

ஆனந்தம் இரண்டாம் சுற்றுவரை நீடித்தது. மூன்றாம் சுற்றில் டிராக்டர் லேசாகத் தாலாட்டியது. நான்காவதில் ஆடியது. ஐந்தாவதில் நான் ஆசனத்தைவிட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தேன். இறங்கி நின்று பார்த்தபோது என் வாசலில், ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறையச் சம இடைவெளியில், வெகு நேர்த்தியாக ஒரு சைன் வளைவு கிடந்தது. 31 வருஷம் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டி அவர்களுக்கு ஏறாத வளைவை, மண்ணில் 80 அடி நீளத்துக்கு, எவர் பார்த்தாலும் விளங்கும்படி வரைந்து வைத்திருந்தேன்.

காரணம் பிற்பாடு விளங்கிற்று. பெட்டி தொங்குவது பின்சக்கரத்துக்கும் பின்னால். முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் டிராக்டரின் மூக்கு நிமிரும், வால் தாழும். பெட்டி அந்த இடத்தில் தேவைக்கு அதிகமாக வெட்டிக் குழி பண்ணும். அடுத்த சுற்றில் முன்சக்கரம் அந்தக் குழியில் இறங்க, வால் எழும்பி, சுமந்துவந்த மண்ணையெல்லாம் இன்னோர் இடத்தில் மேடாகக் கொட்டிவிட்டுப் போகும். மேடு குழியைப் பெறும், குழி மேட்டைப் பெறும். இந்த வம்ச விருத்திக்கு முடிவே கிடையாது. சிரத்தையாக ஓட்ட ஓட்ட வம்சம் தழைக்கும்.

"மாமா, நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்றேன், சற்றுக் கோபமாகவே.

"மாட்டுல பரம்படிக்கிறப்ப பலகை மேல ஆள் நிக்கும்ல? முன்னால சாஞ்சு நின்னா பலகை வெட்டும். பின்னால சாஞ்சு நின்னா தடவும். உங்க பொட்டி முன்னாலயே சாஞ்சுக்கிட்டு நிக்கிது" என்றார்.

டிராக்டரையே தொட்டறியாத ஒருவர் டாப் லிங்க்கின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. டாப் லிங்க்கைச் சுருக்கினால் பெட்டி முன்னால் கவிழ்ந்து முன் தகடு வெட்டும். நீட்டினால் பின்னால் சாய்ந்து பின் தகடு தடவும். நான் அதை ஆறு சுற்று நீட்டினேன். பற்களை மேலே தூக்கிப் பின்னைச் செருகினேன். நீளவாக்கில் ஓட்டிய வழக்கத்தை விட்டு, அலைகளின் குறுக்கே மூலைவாட்டில் ஓட்டினேன். ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் வழித்துவிட வேண்டும் என்ற பேராசையை அடக்கி, அரை அங்குலம் அரை அங்குலமாக மேட்டைச் சீவிப் பள்ளத்தில் சிந்தவிட்டேன். இரண்டு நாளாயிற்று. யோசனைக்குத் தட்சிணையாகப் பெரியவருடைய கொல்லைப் பாதையையும் சீவிக்கொடுத்ததில் மூன்றாம் நாளும் ஆயிற்று.

அதன் பிறகு என் புத்தி சும்மா இருந்திருக்கலாம். கொத்தனார் ஒருவரிடம் கண்ணாடிபோன்ற நீர்க்குழாயைக் கடன் வாங்கி, வாசல் முழுவதும் பத்தடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, குழாயின் இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்து, எங்கு கால் அங்குலம் பிசகியதோ அங்கெல்லாம் மறுபடியும் பெட்டியை இழுத்து, 80 அடிக்கு 60 அடி முற்றத்தை, வீட்டு வாசற்படியிலிருந்து தெருப் படல்வரைக்கும், ஒரே மட்டமாக ஆக்கினேன். மனைவியாரை அழைத்துவந்து காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அந்தத் 'தான்' எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சென்ற திங்கட்கிழமை இரவு மழை. காலையில் கதவைத் திறந்தேன். வாசற்படியிலிருந்து படல்வரை, எங்கும் கூடாமல் குறையாமல், ஓர் அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. ஒரு சொட்டாவது எந்தத் திசையிலாவது நகரவேண்டுமே! புளியமரமும், டிராக்டரும், அடியில்லாப் பெட்டியும் அதில் தலைகீழாகத் தெளிவாகத் தெரிந்தன. என் வேலையின் துல்லியத்துக்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சியை எந்தப் பரீட்சை அதிகாரியும் கொடுக்க முடியாது.

பெரியவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி படலண்டை வந்து நின்றார்.

"மட்டமெல்லாம் சரிதான் வாத்தியாரே. வாட்டம் எங்கே?"

வாட்டம் என் முகத்தில் இருந்தது, முற்றத்தில் இல்லை. தண்ணீர் ஓடுவதற்கு 100 அடிக்கு 2 அடியாவது சரிவு விடவேண்டும் என்பது சின்னக் கொத்தனாருக்கும் தெரியும். 60 அடிக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டேன். ஓர் அடி இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. விடை சரி. ஒரு மாதம் தாமதம், அவ்வளவே.

வலது கையின் திருகை நான்கு சுற்று இறக்கி வைத்திருக்கிறேன். இப்போது பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வீடு எப்போதும் இடப்பக்கமே இருக்கும்படி வந்து வந்து ஓட்டினால், வலப்பக்கத்து மண் கூடுதலாகச் சீவப்பட்டு, சரிவு தெருவை நோக்கி விழும். மண் பதத்துக்கு வர வியாழக்கிழமை ஆகும். பெரியவர் புதன்கிழமையே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.