கிளிக்கு ஒரு சட்டம், சேனலுக்கு ஒரு சட்டம்

2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியக்காரர் வனத்துறையிடம் சிக்கினார். பிரசாரத்துக்கு வந்த பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சானுக்குக் கிளி சீட்டெடுத்தது. வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். வீடியோ பரவியது. கிளியைக் கூண்டில் அடைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாம். ஆளைப் பிடித்துப் போனார்கள், கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். வேட்பாளரும் தோற்றார்.

அதே தேர்தலில், ஜூன் 1 மாலை ஆறரை மணிக்கு, சேனல்களில் கோட்டு போட்டவர்கள் வாக்குக் கணிப்பு என்று சீட்டெடுக்க உட்கார்ந்தார்கள். தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் வரை என்றது ஒரு நிறுவனம். 400, வேண்டுமானால் பதினைந்து கூடக் குறைய இருக்கலாம் என்றது இன்னொன்று. வந்தது 293. எந்த வனத்துறையும் ஸ்டூடியோ பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தேர்தல் சட்டத்தின் 126ஏ பிரிவு கண்டிப்பானதுதான். ஆறரைக்கு ஒரு நிமிடம் முன்னால் வாயைத் திறந்தால் இரண்டாண்டு வரை சிறை. ஆறரைக்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் உளறலாம். கடிகாரத்துக்குக் காவல் போட்ட சட்டம், நாக்குக்குப் போடவில்லை.

உளறலுக்கு விலை கொடுத்தது யார்? ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் துள்ளியது. மறுநாள் முடிவு வந்ததும் 4,389 புள்ளிகள் விழுந்தது. ஏறத்தாழ 31 லட்சம் கோடி ரூபாய் ஒரே பகலில் ஆவியானது. சில நாட்களில் சந்தை எழுந்துகொண்டது. ஏறிய விலைக்கு வாங்கி, பயந்துபோய் விற்ற சம்பளக்காரன் எழவில்லை. ஒரு கணிப்பாளர் நேரலையிலேயே அழுதார். சேனல்களுக்கோ இரட்டை அறுவடை: ஜூன் 1-ல் கணிப்பு, ஜூன் 4-ல் 'கணிப்பு ஏன் பொய்த்தது' என்று அலசல். அலசியவர்களும் அவர்களேதான்.

ஆளுங்கட்சிக்கு ஜால்ரா என்று திட்டி முடித்துவிடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. நான்கே மாதத்தில் ஹரியானாவில் காங்கிரஸ் ஆட்சி என்று ஏறக்குறைய எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பா.ஜ.க. 90-ல் 48 பிடித்தது. இவர்களின் விசுவாசம் எந்தக் கட்சிக்கும் இல்லை, டிஆர்பிக்குத்தான்.

கிரிக்கெட்டிலும் இதே கூத்து. 2023 உலகக் கோப்பையில் இந்தியா தொடர்ந்து பத்து ஆட்டங்களில் வென்றதும், இறுதி ஆட்டத்துக்கு முன்பே கோப்பையைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் நம்மூர் டிவி பார்ப்பதில்லை போலிருக்கிறது. அகமதாபாத்தில் 137 அடித்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு வகைக் கணிப்பு மட்டும் தவறாமல் பலிக்கிறது. 2024 பிப்ரவரியில் ஒரு வணிகச் சேனலின் விருந்தினர் நிபுணர்கள் மீது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி இடைக்கால உத்தரவு போட்டது. எந்தப் பங்கை வாங்கச் சொல்லப்போகிறோம் என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே வேண்டியவர்களுக்குக் கசியவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 7.41 கோடி ரூபாயை முடக்கச் சொன்னது செபி. சொல்பவரே லாபம் பார்க்கும்போது ஜோசியம் எப்படிப் பொய்க்கும்?

தப்பாகச் சொல்வது குற்றமில்லை. நாளை நடப்பது எவனுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் விற்பதும், விற்ற சரக்கு கெட்டுப்போனால் கடையைச் சாத்தாமல் அடுத்த சரக்கை அடுக்குவதும்தான் அயோக்கியத்தனம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை பேரிடம் கேட்டீர்கள், யார் காசு கொடுத்தார்கள், போன முறை என்ன சொன்னீர்கள், என்ன நடந்தது — இந்த நான்கு வரியைத் திரையின் அடியில் ஓட்டுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விற்பவன்கூட, சந்தை அபாயத்துக்கு உட்பட்டது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுத்தான் காசைக் கேட்கிறான். அந்த அளவு வெட்கம்கூடவா உங்களுக்குக் கட்டுப்படியாகாது?