மில்லில் கை வைப்போருக்குச் சில ஆலோசனைகள்

அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையை இந்திய உதவியோடு 2014இல் மறுபடி திறந்தார்கள். அங்கே இடம் எடுத்தவர்களுக்கும், வளவுக்குள்ளேயே மா மில் போட்டிருப்பவர்களுக்கும் இது பொது.

பெல்ட் நழுவிவிட்டதா? ஒடியல் சிக்கிவிட்டதா? மெயின் சுவிச்சை நிப்பாட்டாதீர்கள். வறுத்த மிளகாயோடு வாசலில் நிற்கிற அக்காவுக்கு அவசரம்.

நிப்பாட்டித்தான் தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் நிப்பாட்டட்டும். ஆனால் பூட்டுப் போடக் கூடாது. போட்டால் ஊரையே சந்தேகப்பட்டதாகிவிடும். அமெரிக்காவில் 1989இல் இதற்கென்றே விதி கொண்டுவந்தார்கள்: திருத்துகிறவர் சுவிச்சில் தன் பூட்டைப் போட வேண்டும், பெயர் அட்டையும் தொங்கவிட வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. அவரவர் திறப்பு அவரவர் சட்டைப்பையில். சொந்தபந்தம் இல்லாத சனம், பாவம். நமக்கு மருமகன் இருக்கிறான். "தம்பி, ஒருத்தரையும் தொடவிடாதை" என்று சுவிச்சடியில் நிறுத்தினால் போதும். அவன் பிளேன்ரீ குடிக்கப் போன நேரம் பெரியப்பா வருவார். "மெயின் நிண்டு கிடக்கு, ஒருத்தரும் பாக்கேல்லையே?" என்று நல்ல மனதோடு போட்டுவிடுவார். அவரோடு கோபிக்கவா முடியும்?

காசில்லாத வழி மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கிடைத்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னார். குரங்கே நிப்பாட்டித் தரும்போது நீங்கள் ஏன் மினக்கெட வேண்டும்? சுவிச்சைப் போட்டபடியே விட்டுக் கையை உள்ளே விடுங்கள். கரண்ட் வந்ததை உங்களுக்கு ஒருவரும் வந்து சொல்லத் தேவையிராது.

சில்லு சுற்றி ஓயும்வரை காத்திருப்பது, நிப்பாட்டிய பிறகும் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது எல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு. சிங்கிள் பேஸ் மோட்டரின் கப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்சம் மிச்சம் பிடித்து வைத்திருக்கும். தொடுகிறவருக்கு அப்படியே கொடுத்துவிடும், வட்டி கேட்காது.

கடைசியாக, பெல்ட் மூடி. சுழலும் பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நல்ல கனமான தகரம். கோழிக்கூட்டுக் கூரைக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கும்.