எல்லாம் செய்யும் பெட்டி

எங்கள் வீட்டு மிக்ஸிக்கு நான்கு ஜார். அவற்றில் மூன்று, வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் மேல் தட்டில் ஓய்வெடுக்கின்றன. சட்னி ஜார் ஒன்றுதான் குடும்ப பாரத்தைச் சுமக்கிறது. இதைத் தினமும் பார்த்தும் புத்தி வராத ஒருவன், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு 'எல்லாம் செய்யும்' கார்ட்ரிட்ஜ் தேடி ஆறு மாதம் அலைந்தான். அவன் வடசென்னை மணலியில் குடியிருக்கிறான். இந்தக் கட்டுரையை எழுதுவதும் அவன்தான்.

கம்ப்யூட்டரின் பெயர் டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ். இங்கிலாந்தின் சின்க்ளேர் கம்பெனி 1982-ல் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரத்தின் அடுத்த மாடலை, டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் வாங்கி 1988-ல் இங்கே இறக்கியது. மறு வருடம் அப்பா தன் போனஸ் பணத்தை அப்படியே கொண்டுபோய் அதில் போட்டார். "பையன் கம்ப்யூட்டர் கத்துக்கட்டும்" என்பது அவர் கணக்கு. பையன் கற்றுக்கொண்டது மேனிக் மைனர் விளையாட்டில் மூன்றாவது குகை வரை சாகாமல் போவதை மட்டும்.

அந்த யந்திரத்தின் நினைவகம் 48 கே. என் மச்சான் விடிந்ததும் அனுப்புகிற 'காலை வணக்கம்' ரோஜாப்பூவை அதற்குள் அடைக்க முடியாது. காம்பு மட்டும் வேண்டுமானால் நிற்கும். விளையாட்டெல்லாம் கேசட்டில் வரும். டேப்ரிக்கார்டரை மாட்டி, 'லோட்' கட்டளை கொடுத்து, பிளே பட்டனை அழுத்தினால் திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் நீலப்பச்சையும், பிறகு நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். கூடவே தகரத்தைக் கீறுகிற சத்தம். ஐந்து நிமிடம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தால் கடைசி நொடியில் 'டேப் லோடிங் எரர்' என்று வந்து நிற்கும். ஒலியைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் ஒரு விளையாட்டை ஏற்றி முடிப்பதற்குள் அம்மா சோறு வடித்து, குழம்பும் இறக்கிவிடுவார்.

ஓர் ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றினார்கள். மைக்செட்காரர் எங்கள் வீட்டு அம்மன் பாட்டு கேசட்டை இரவல் வாங்கிப் போனார். அதன் பின்பக்கத்தில் நான் ஒரு விளையாட்டைப் பதிந்துவைத்திருந்தேன். முன்பக்கம் முடிந்து அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டதும் கூம்பு ஸ்பீக்கரில் எழுந்த கிறீச்சலில் தெருவே உறைந்துபோனது. 1969-லிருந்து ரிஃபைனரியையும் அதற்கடுத்து உரத் தொழிற்சாலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிற ஊர் இது. எங்கோ அபாயச் சங்கு ஊதுகிறது என்று நினைத்து அப்பா சட்டைகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். அவர் திரும்பி வந்த பிறகு நடந்தது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

போன வருடம் பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டி கிடைத்தது. பழைய வேட்டியில் சுற்றி, அப்பா பத்திரமாக வைத்திருந்தார். விசைகளுக்கு அடியில் இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் காய்ந்து அப்பளமாகியிருந்தது. ஸ்பெக்ட்ரம்கள் எல்லாவற்றுக்கும் வருகிற மூப்பு அது. புதுத் தாள் கிடைக்கிறது, வாங்கிப் போட்டேன். முதுகில் கார்ட்ரிட்ஜ் மாட்டுகிற இடத்தில் உள்ள தகடுகள் கறுத்திருந்தன. மணலிக் காற்றில் வெள்ளிக் கொலுசே கறுக்கிறது, தகடு எம்மாத்திரம்? கொலுசுக்கு வீட்டில் பல்பொடி. தகட்டுக்கு மகன் பள்ளியில் படித்த காலத்துப் பென்சில் ரப்பர். பொறுமையாகத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு கோடாகப் பளிச்சிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. கேசட்டோடு மல்லுக்கட்ட இனி முடியாது, ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்குவது என்று முடிவு செய்தேன். போன வருடத்து தினசரி காலண்டரின் அட்டையைத் திருப்பிப் போட்டு, கட்டம் கட்டி, பெண் பார்க்கிற சிரத்தையோடு ஜாதகம் குறித்தேன்.

முதல் வரன், சின்க்ளேரின் 1983-ம் வருடத்து இன்டர்ஃபேஸ் ஒன். அதில் மைக்ரோடிரைவ் என்று ஒன்றை மாட்டலாம். தபால்தலை அளவுப் பெட்டிக்குள் சுமார் 5 மீட்டர் நாடா சுற்றிச் சுற்றி ஓடும். நாற்பது வயதான நாடா எப்போது அறும் என்று ஜோசியர்கூடச் சொல்ல முடியாது. இரண்டாவது, மல்டிஃபேஸ். இதில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் ஓடுகிற விளையாட்டு அப்படியே உறைந்து நிற்கும். உள்ளே கைவிட்டு நினைவகத்தை மாற்றலாம். மேனிக் மைனரில் 35136 என்ற இடத்தில் 0 போட்டால் நமக்குச் சாவே கிடையாது. மார்க்கண்டேயன் இவ்வளவு சுலபமாகச் சாதிக்கவில்லை. குறை ஒன்றுதான். இதைச் செய்த கம்பெனியின் பெயர் ரொமான்டிக் ரோபாட். இந்த வயதில் அதை வீட்டில் உரக்கச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, இந்தக் காலத்து டிவ்எம்எம்சி. விரல்நகம் போன்ற மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள். ஜாய்ஸ்டிக் மாட்ட இடம், உறையவைக்கிற பொத்தான், கூடுதல் நினைவகம். ஐந்து நிமிடம் ஏறியது இரண்டு நொடியில் ஏறும். அட்டையில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்த வரன் இதுதான்.

பெருமையாக மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். "எல்லாம் செய்யுதுங்க, சரி. நீங்க என்ன செய்வீங்க?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கரண்ட் போனது. அவள் அந்த அட்டையையே வாங்கி விசிறிக்கொண்டு வாசல்பக்கம் போய்விட்டாள்.

கார்ட்ரிட்ஜுக்கு வெளிநாட்டில் சொல்லிவிட்டு, அடாப்டர் தேடி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் வேண்டும். ஆனால் நடு ஊசி நெகட்டிவ். ஊர் உலகத்து அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ்தான். கடைக்காரத் தம்பி என் கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "இன்னா சார் இது, கீபோர்டா? சிபியூ எங்க?" என்றார். "இதுதான் தம்பி மொத்தமும்" என்றேன். என் குடும்ப நிலவரத்தை ஊகித்தவர்போல் இரக்கத்தோடு ஒரு அடாப்டரை எடுத்து நீட்டினார். "எல்லாத்துக்கும் ஆவும் சார், தைரியமா குத்து." எல்லாவற்றுக்கும் ஆகும் என்றால் எனக்குத்தான் சபலம் தட்டுமே, வாங்கினேன். நல்லவேளையாக வீட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பாசிட்டிவ். குத்தியிருந்தால் அப்பாவின் போனஸ் புகையாகியிருக்கும். வயரை வெட்டி, மாற்றிப் பற்றவைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. சுங்கவரி தனி. வீட்டில் பாதி விலைதான் சொன்னேன். அவள் அதிலும் பாதிதான் நியாயம் என்றாள். மின்சாரம் ஓடும்போது கார்ட்ரிட்ஜைச் செருகினாலோ உருவினாலோ சில்லுகள் போய்விடும் என்பதால், ஸ்விட்சை அணைத்தது போதாதென்று பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் செருகினேன். மகன் டிவியோடு இணைத்துக் கொடுத்தான். மேனிக் மைனர் இரண்டே நொடியில் வந்து நின்றது. முதல் குகை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் கால் வைத்தேன். மணலி எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி போனது.

எங்கள் வீடு லாரிக்கு ஏற்றபடி ஆடும். மேஜை ஆடியது. ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸின் பின்பக்கத்தில் முட்டுக்கால் உண்டு. அதை நிமிர்த்தினால் முதுகில் செருகிய கார்ட்ரிட்ஜ் அந்தரத்தில் தொங்கும். அது நூலளவு அசைந்தது. திரை கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுபோனது. மறுபடி ஏற்றினேன், மறுபடி லாரி. துறைமுகத்துக்குப் போகும் லாரிக்கும் வரும் லாரிக்கும் நடுவே ஒரு குகையைத் தாண்டவே சாமர்த்தியம் வேண்டியிருந்தது. உறையவைக்கும் பொத்தானை நான் தொடவே இல்லை. அந்த வேலையை லாரிக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள்.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பால் பாத்திரத்தை மூடியிருந்த அந்தக் காலண்டர் அட்டையை எடுத்து வந்து, நான் கட்டம் கட்டி டிக் அடித்த பக்கம் உள்ளே போகும்படி நான்காக மடித்து, கார்ட்ரிட்ஜுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். அடுத்து ஒரு டேங்கர் போனது. படம் அசையவில்லை. எனக்கு நினைவு தெரிந்து முதன்முறையாக நான்காவது குகையைப் பார்த்தேன்.

இன்று கணக்குப் பார்த்தால், அந்தக் கார்ட்ரிட்ஜ் எனக்குச் செய்வது ஒரே ஒரு வேலை: ஒரே ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுப்பது. ஜாய்ஸ்டிக் நான் வாங்கவே இல்லை. அந்த அட்டையோ தேதி காட்டியது, ஜாதகம் எழுத இடம் கொடுத்தது, விசிறியது, பாலை மூடியது, இப்போது முட்டுக் கொடுக்கிறது. எல்லாம் செய்யும் பொருள் வேண்டுமென்றால் வெளிநாட்டுக்கு எழுதிப்போடாதீர்கள். ஜனவரியில் தெருமுனை மளிகைக் கடையில் சும்மாவே கொடுக்கிறார்கள். முடிந்தால் இரண்டாகக் கேட்டு வாங்குங்கள்.